சிறுநீரக ஏமாற்றம்

சிறுநீரகம் செயலிழக்கும் என்று தெரியும். அது ஏமாற்றமும் அடையும் என்பது சில ஆங்கில ஆய்விதழ்களைப் படித்தவர்களுக்குத்தான் தெரியும். அங்கே மார்பகப் புற்றுநோய்க்குப் பெயர் 'மார்பு ஆபத்து', செயற்கை நுண்ணறிவுக்குப் 'போலிப் பிரக்ஞை', பெருந்தரவுக்குப் 'பிரம்மாண்டத் தகவல்'.

கியோம் கபனாக், சிரில் லபே, அலெக்சாந்தர் மகாசினோவ் ஆகிய மூவர் 2021இல் இவற்றுக்குச் 'சித்திரவதைப்பட்ட சொற்றொடர்கள்' என்று பெயரிட்டனர். முதல் இருவரும் பிரெஞ்சுக் கணினி அறிவியலாளர்கள். பிறர் எழுதிய கட்டுரையைச் சுட்டு, திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை ஏமாற்ற, சொல்லை மாற்றிக் கொடுக்கும் இன்னொரு மென்பொருளில் போட்டு எடுத்தால் இப்படித்தான் வரும். கலைச்சொல் எது, சாதாரணச் சொல் எது என்று அதற்கு என்ன தெரியும்? எல்செவியர் பதிப்பு நிறுவனத்தின் 'மைக்ரோபிராசசர்ஸ் அண்ட் மைக்ரோசிஸ்டம்ஸ்' என்ற ஒரே இதழில் சந்தேகத்துக்குரிய கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் அகப்பட்டன.

திருடியவர் படிக்கவில்லை, போகட்டும். மதிப்பீட்டாளரும் பதிப்பாசிரியருமா படிக்கவில்லை?

'தாவர எலெக்ட்ரான் நுண்ணோக்கி' கதை இதைவிட விசேஷம். அப்படி ஒரு கருவியே உலகத்தில் கிடையாது. 1959இல் வந்த ஒரு பாக்டீரியா ஆய்வுக் கட்டுரை இரண்டு பத்திகளாக அச்சாகியிருந்தது. ஒரு பத்தியில் வளர்நிலையைக் குறிக்கும், 'தாவர' என்றும் பொருள்படும் 'வெஜிடேட்டிவ்' என்ற சொல். அதே வரிக்கு நேரே அடுத்த பத்தியில் 'எலெக்ட்ரான் நுண்ணோக்கி'. பழைய தாளைக் கணினியில் ஏற்றியபோது இரண்டும் ஒட்டிக்கொண்டன. பாரசீக எழுத்திலும் ஒரு வம்பு உண்டு: நிஜமாகவே உள்ள 'ஸ்கேனிங் எலெக்ட்ரான் நுண்ணோக்கி'யின் 'ஸ்கேனிங்' என்பதற்கான சொல்லுக்கும் 'தாவர' என்பதற்கான சொல்லுக்கும் ஒரு புள்ளிதான் வித்தியாசம். ஈரானிய ஆய்வாளர்களின் கட்டுரைகளில் இந்தக் கருவி தலைகாட்டியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். இல்லாத கருவியால் எடுத்த படங்களை நம்பி எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்களோ!

சாட்ஜிபிடி வந்தபின் சொல்லை மாற்றும் சிரமமும் போயிற்று. 2024இல் எல்செவியரின் இன்னோர் இதழில் ஒரு பேட்டரி ஆய்வுக் கட்டுரையின் முன்னுரை, 'நிச்சயமாக, உங்கள் தலைப்புக்கு ஏற்ற ஒரு முன்னுரை இதோ' என்று தொடங்கியது. முதல் வாக்கியமே அதுதான்.

இதற்கு முந்தைய ஆண்டில் ஹிண்டாவி பதிப்பகத்தின் இதழ்களிலிருந்து மட்டும் முறைகேடுகளால் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. உரிமையாளரான வைலி நிறுவனம் 'ஹிண்டாவி' என்ற பெயரையே கைவிடுவதாக அறிவித்தது. இப்படித் திரும்பப் பெறும்போதெல்லாம் எழுதியவர்களின் பெயர் பட்டியலில் ஏறுகிறது. படிக்காமலே 'சரி' என்று அனுப்பிய மதிப்பீட்டாளர் யார் என்பது மட்டும் பெரும்பாலும் வெளியே வருவதில்லை.