அபூர்வம் என்ற சாக்கு

'அபூர்வ வியாதி' என்று ஒரு சொல்லை நம் படித்தவர்கள் வைத்திருக்கிறார்கள். கேட்பதற்கு அபூர்வ ராகம், அபூர்வ மூலிகை என்பதுபோல் கௌரவமாகத்தான் இருக்கிறது. அர்த்தம் மட்டும் வேறு: 'இதற்காக யாரும் தூக்கம் கெட வேண்டாம்.'

நோயை எதிர்க்கும் சக்தி அறவே இல்லாமல் பிறக்கிற குழந்தைகளைப் பற்றிச் சொல்கிறேன். டாக்டர்கள் சுருக்கமாக 'ஸ்கிட்' என்பார்கள். பிறந்தபோது குழந்தை மூக்கும் முழியுமாகத்தான் இருக்கும். தாயிடமிருந்து கொண்டுவந்த காப்பு சில மாதம் தாங்கும். பிறகு சளி, பேதி, வாயில் வெண்புண். ஒன்று போனால் ஒன்று. மற்றக் குழந்தைக்கு ஒரு வாரச் சளி, இதற்கு எமன். வைத்தியம் இல்லையேல் இரண்டு வயதைத் தாண்டுவது அரிது.

வைத்தியமே இல்லையா? இருக்கிறது. 1968-ல் அமெரிக்காவின் மின்னஸோட்டாவில் ராபர்ட் குட் என்ற டாக்டர், சகோதரியின் எலும்பு மஜ்ஜையை எடுத்து இப்படிப்பட்ட ஓர் ஆண் குழந்தைக்குச் செலுத்தினார். மஜ்ஜையிலுள்ள மூலச் செல்கள் அவன் எலும்புக்குள் குடியேறிப் புதிய காவல் படையை உண்டாக்கின. பையன் பிழைத்து ஆளானான்.

ஆனால் ஜனங்கள் நினைவில் வைத்திருப்பது அவனை அல்ல. 1971-ல் டெக்ஸாஸில் பிறந்த டேவிட் வெட்டரைத்தான். பொருத்தமான மஜ்ஜை வீட்டில் யாரிடமும் இல்லை. பிளாஸ்டிக் கூண்டுக்குள்ளேயே பன்னிரண்டு வயதுவரை வளர்ந்தான். 1983-ல் பொருத்தம் குறைந்த அக்காள் மஜ்ஜையைப் பக்குவப்படுத்திக் கொடுத்தார்கள். அதில் ஒளிந்திருந்த ஒரு வைரஸ் 1984 பிப்ரவரியில் அவனைக் கொண்டுபோயிற்று. கூண்டை விஞ்ஞான அதிசயம் என்று எழுதித் தள்ளினார்கள். எனக்கு அது அதிசயமாகப் படவில்லை. வைத்தியம் வந்து சேரும்வரை ஒரு பிள்ளையை உட்கார வைத்திருந்த அறை, அவ்வளவுதான்.

இந்த வியாதியில் காலம்தான் எல்லாம். 2000 முதல் 2009 வரை மாற்று சிகிச்சை பெற்ற 240 குழந்தைகளின் கணக்கு 2014-ல் வெளிவந்தது. மூன்றரை மாதத்துக்குள் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 94 பேர் ஐந்து ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். அந்த வயது தாண்டி, தொற்று பிடித்த நிலையில் வந்தவர்களில் நூற்றுக்கு 50 பேர். அதே வைத்தியம்தான். பிந்தி வந்ததற்குத் தண்டனை பாதி உயிர்.

முந்தி வர என்ன வேண்டும்? குதிகாலில் ஒரு குத்து, அட்டையில் ஒரு சொட்டு ரத்தம். விஸ்கான்ஸின் ராஜ்யம் 2008-ல் ஆரம்பித்தது. 2018 முடிவதற்குள் அமெரிக்கா முழுவதும் பரவிவிட்டது. நம் தேசத்தில் எல்லாக் குழந்தைக்கும் இந்தச் சோதனை என்ற ஏற்பாடு இன்னும் இல்லை.

"ரத்தசோகைக்கே வழியில்லை, நாலு குழந்தைக்காக லட்சங்களைக் கொட்டுவதா?" என்பார்கள். நாலா? அமெரிக்கக் கணக்கு 58,000-க்கு ஒன்று. வருஷம் இரண்டு கோடிக்குமேல் பிறக்கிற தேசத்தில் அது முந்நூறுக்குக் குறையாது. அக்காள் மகளைக் கட்டுகிற நம் பக்கத்தில் இன்னும் கூடலாமே தவிரக் குறையாது. 2021-ல் வந்த அபூர்வ நோய்க் கொள்கையில் சர்க்காரே இதைச் சேர்த்திருக்கிறது. உதவியும் 50 லட்சம்வரை உண்டு. பேஷ். ஆனால் வியாதிக்குப் பெயர் தெரிந்தால்தானே மனுப் போட முடியும்? பெயர் தெரியாமலே 'நிமோனியா' என்று எழுதிப் புதைக்கிற குழந்தைக்கு எந்த லட்சம்?

இன்னொன்று. டி.பி. வராமலிருக்கப் பிறந்தவுடன் பி.ஸி.ஜி. ஊசி போடுகிறோம். நல்ல காரியம், நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அதிலிருப்பது உயிருள்ள கிருமி. காவல் இல்லாத குழந்தைக்கு அந்த ஊசியே உடம்பெல்லாம் பரவும் நோயாகிவிடலாம். காப்பாற்றப் போட்ட ஊசி கெடுக்கும்போது, அது ஏன் என்று கண்டுபிடிக்கும் கடமையாவது நமக்கு இல்லையா? எந்த ஜில்லா ஆஸ்பத்திரியில் அந்த ஒரு சொட்டை எடுப்பார்கள், எங்கே அனுப்பிப் பார்ப்பார்கள், எத்தனை நாளில் தாய்க்குச் சொல்வார்கள் என்பதைச் சர்க்கார் முதலில் சொல்லட்டும்.