மேலே சென்ற அதிகாரம் எங்கே?

அதிகாரப் பகிர்வு என்றதும் கொழும்புக்கும் மாகாணத்துக்கும் இடையிலான விவகாரமாக மட்டுமே அதனை நோக்குவது நம் மத்தியில் வழக்கமாகிவிட்டது. கிராமத்திடமிருந்து மேல்மட்டச் சபைகளுக்குச் சென்ற அதிகாரம் குறித்து எவரும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை.

1981 ஆம் ஆண்டு மாவட்ட அபிவிருத்திச் சபைகள் அமைக்கப்பட்டன. தமிழ் மக்களின் அபிலாஷைகளுக்கான பதிலாகவே அவை முன்வைக்கப்பட்டன. ஆனால் அவற்றுக்காகப் பட்டின சபைகளும் கிராம சபைகளும் ஒழிக்கப்பட்டன. போதிய நிதியோ அதிகாரமோ இன்றி மாவட்ட சபைகள் முடங்கியபோது, கிராமத்துக்குப் பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்ற நிலையே எஞ்சியது. 1987 ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் உருவான பிரதேச சபைகள் பல கிராமங்களை ஒன்றாக இணைத்தனவேயன்றி, பழைய கிராம சபைகளை மீட்டுத் தரவில்லை.

அதே ஆண்டு நிறைவேறிய 13 ஆவது திருத்தம் உள்ளூராட்சி மன்றங்களை மேற்பார்வை செய்யும் அதிகாரத்தை மாகாண சபைகளிடம் ஒப்படைத்தது. அவற்றின் அமைப்பையும் கட்டமைப்பையும் தீர்மானிப்பதோ மத்திய அரசின் வசமே இருந்தது. இதன் விளைவைச் சாய்ந்தமருது மக்கள் நன்கறிவர். ஒருகாலத்தில் கரைவாகு தெற்குக் கிராம சபையாக விளங்கிய அவ்வூருக்கு 2020 பெப்ரவரியில் நகர சபை வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. சில நாட்களிலேயே அது இடைநிறுத்தப்பட்டது. அயலில் வாழும் தமிழ், முஸ்லிம் மக்கள் பேசித் தீர்க்க வேண்டிய எல்லைப் பிரச்சினை கொழும்பில் முடிவாகும் விடயமாயிற்று.

மேற்பார்வை மாகாணத்திடம் இருப்பதில் தவறில்லை. ஆனால் மக்கள் தெரிவுசெய்த மாகாண சபை இருக்கும்வரைதான் அதற்கு அர்த்தமுண்டு. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 இலும் வடக்கு மாகாண சபையினது 2018 இலும் முடிவடைந்தன. எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018 இல் நிராகரித்ததைத் தொடர்ந்து தேர்தல் சட்டச் சிக்கலில் மாட்டிக்கொண்டது. 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோதும் ஒன்பது மாகாணங்களில் ஒன்றிலேனும் மக்கள் பிரதிநிதிகளின் சபை இருக்கவில்லை. கிராமத்திலிருந்து மாகாணத்துக்கென எடுக்கப்பட்ட அதிகாரம் ஜனாதிபதியால் நியமிக்கப்படும் ஆளுநரின் கைகளில் தங்கியது. பகிர்வு என்ற பெயரில் நிகழ்ந்தது மத்திக்குத் திரும்பிய பயணமே.

மாகாண சபைத் தேர்தலைக் கோரும் நமது தலைமைகள், பிரதேச சபைகளின் அதிகாரங்களுக்கும் நிதிக்கும் சட்ட உத்தரவாதத்தையும் சேர்த்தே கோர வேண்டும். கொழும்பிடம் நாம் கேட்பதை நமது கிராமங்களுக்கு வழங்க மறுத்தால், நமது கோரிக்கையின் நியாயமே பலவீனப்பட்டுவிடும்.