தென்கடல் கூனிக்காக ஒரு சொல்

கிரில் என்றதும் ஜன்னல் கம்பியை நினைத்தார் என் அறை நண்பர். நான் சொல்வது அண்டார்க்டிக் கடலில் வாழும் சுண்டுவிரல் நீளச் சிற்றுயிரை. நம்மூர்க் கூனிக்குத் தூரத்து உறவென்று வைத்துக்கொள்ளுங்களேன். பென்குவினும் சீலும் பெருந்திமிங்கிலமும் அதையுண்டே வாழ்கின்றன. அதன் குஞ்சுகளோ குளிர்காலத்தில் கடற்பனியின் அடியில் படரும் பாசியை மேய்ந்து பிழைக்கின்றன. பனி குறைந்தால் அவற்றின் பாடு திண்டாட்டந்தான்.

இதைத்தான் கப்பல்கள் அள்ளுகின்றன. சால்மன் பண்ணைத் தீனிக்கும் மாத்திரை எண்ணெய்க்கும்! தென் அட்லாண்டிக் பகுதிக்கு ஆண்டு வரம்பு 6,20,000 டன். "இருப்பதில் இது சொற்பந்தானே?" என்பர் சிலர். சொற்பந்தான், மறுக்கவில்லை. எங்கே அள்ளுகிறார்கள் என்பதன்றோ கேள்வி? வரம்பை நான்கு வட்டாரங்களுக்குப் பங்கிட்ட விதி 2024-இல் காலாவதியாயிற்று. மறு ஆண்டு ஆகஸ்டிலேயே வரம்பு தீர்ந்து மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. கப்பல்கள் மொய்த்ததோ பென்குவின்கள் இரை தேடும் தீபகற்பக் கரையோரத்தில்!

1980-இல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி இயங்கும் ஆணையத்தில் ஒரு நாடு மறுத்தாலும் தீர்மானம் நிறைவேறாது. இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. அன்பர்களே, அந்தப் பங்கீட்டு விதியை மீட்க நம் பிரதிநிதிகள் அங்கே வாதாட வேண்டும் என்பதே என் கோரிக்கை.