தொழில் படுத்தால் தகப்பன் கடமையும் படுத்துவிடுமா?



தலாக்கோடு மனைவி உறவு முடிகிறது. பிள்ளை உறவு முடிகிறதா? கலசப்பாக்கம், ஆரணி வட்டாரத்தில் பட்டு வியாபாரம் ஒரு சீசன் ஓடும், ஒரு சீசன் படுக்கும். படுத்ததும் சிலர் முதலில் நிறுத்துவது எதைத் தெரியுமா? பிள்ளையின் ஜீவனாம்சத்தை! வியாபாரம் எழுந்த பிறகோ பழைய தொகையைக் கூட்டுவதே இல்லை.

அத்தலாக் அத்தியாயத்தின் 7வது வசனத்தில், வசதியுள்ளவன் வசதிக்கேற்பவும் நெருக்கடியில் இருப்பவன் தனக்குக் கிடைத்ததிலிருந்தும் செலவிட வேண்டும் என்று அல்லாஹ் பணிக்கிறான். தொகை குறையலாம், கடமை நீங்காது.

1986ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, இரண்டு வயதோடு பொறுப்பு தீர்ந்தது என்பார்கள். தவறு! வசதியுள்ள தகப்பன் மகனுக்குப் பருவ வயது வரையும், மகளுக்குத் திருமணம் வரையும் கொடுத்தே ஆக வேண்டும் என்று 1997ல் நூர் சபா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நமது ஷரீஅத்தும் அதையே சொல்கிறது என்றும் கூறியது.

நிலைமை மாறினால் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ மனுச் செய்யலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 127வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 146வது பிரிவு. உத்தரவு மாறும்வரை நாமாக நிறுத்த முடியாது.

வியாபாரிகளே! நஷ்டமா? கணக்கு நோட்டோடு ஜமாஅத்துக்கு வாருங்கள். லாபமா? கேட்கும் முன் கூட்டிக் கொடுங்கள். நிர்வாகிகளே! தலாக் பதிவேட்டில் பிள்ளைச் செலவையும் எழுதி, ஆண்டுதோறும் விசாரியுங்கள்.

இளைஞர்களே! இதை உங்கள் மஹல்லாவிலேயே தொடங்குங்கள். பிள்ளையின் ஹக்கைப் பற்றி மறுமையில் கேள்வி உண்டு!