மனநோயாளிக்கு மாத்திரை மட்டும் போதுமா?

சில மாதங்களுக்கு முன் நமது விசைத்தறித் தொழிலாளர் சங்கக் காரியாலயத்திற்கு ஒரு தாயார் வந்தார். மஞ்சள் பை நிறைய மகனுடைய காகிதங்கள். தறி ஓட்டிக் கொண்டிருந்த மகனுக்கு இருபத்தாறு வயதில் மனச்சிதைவு நோய் கண்டது. இன்று அரசாங்க ஆஸ்பத்திரியில் மாதந்தோறும் மாத்திரை கிடைக்கிறது. மாற்றுத் திறனாளி என்ற சான்றிதழ் கிடைத்திருக்கிறது. உதவித் தொகையும் வருகிறது. இவற்றைப் பெறுவதற்கு அந்தத் தாய் எத்தனை நாள் கூலியை இழந்தார் என்பது தனிக் கதை. பிறகு எதற்காகச் சங்கத்தைத் தேடி வந்தார்?

"பணம் வருது தம்பி. புள்ளதான் மூணு வருஷமா வாசப்படி தாண்டல. யாராச்சும் வந்து அவங்கிட்ட நாலு வார்த்தை பேசி, கூடவே கூட்டிக்கிட்டுப் போயி பட்டறையில விடுவாங்களா?" என்று கேட்டார்.

நம்மிடம் பதில் இல்லை. சர்க்காரிடமாவது இருக்கிறதா?

சட்டத்திற்குப் பஞ்சமில்லை. மனநோயும் ஊனங்களில் ஒன்று என்று 1995-ம் வருஷச் சட்டமே ஒப்புக் கொண்டது. 2016-ம் வருஷச் சட்டம் 21 வகை ஊனங்களை வரிசைப்படுத்தி, அதிலும் மனநோயைச் சேர்த்தது. 2018 மே மாதத்தில் அமுலுக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. நோயாளியின் குடும்பத்திற்குத் துணையும், வீட்டிலேயே புனர்வாழ்வுச் சேவையும் சர்க்கார் அளிக்க வேண்டும் என்று அதன் 18-வது பிரிவு கூறுகிறது. அந்தத் தாய் கேட்டது இதைத்தானே? அவர் யாசகம் கேட்கவில்லை. பார்லிமெண்ட் நிறைவேற்றிய சட்டத்தை அமுல் நடத்தும்படி கேட்டார்.

மத்திய சர்க்காரின் ஊனமுற்றோர் பென்ஷன் எவ்வளவு என்று வாசகர்கள் தெரிந்து கொள்ள வேண்டும். மாதம் 300 ரூபாய்! 2012-ல் நிர்ணயித்த தொகை. பத்தாண்டுகளுக்கு மேல் அசையாமல் அப்படியே நின்றது. அதுவும் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்து, 80 சதவிகித ஊனமும் இருந்தால்தான். இதே போன்ற பிற உதவிகளை விட ஊனமுற்றோருக்கான உதவி குறைந்தது 25 சதவிகிதம் அதிகம் இருக்க வேண்டும் என்று 2016-ம் வருஷச் சட்டம் சொல்லுகிறது. விதவைகளுக்கு மத்திய சர்க்கார் நிர்ணயித்ததும் அதே 300 ரூபாய்தான். 25 சதவிகிதம் எங்கே போயிற்று? மாநில சர்க்கார் தன் கஜானாவிலிருந்து இதை விட அதிகம் தருகிறது என்பது உண்மை. ஆனால் நாம் கேட்பது தொகையை மட்டுமல்ல.

மாத்திரை காதில் கேட்கும் குரலை அடக்கும். ஆனால் மூன்று வருஷம் மூலையில் முடங்கிக் கிடந்தவனுக்கு விடியற்காலையில் எழுந்திருக்கும் பழக்கத்தை எந்த மாத்திரை தரும்? "பைத்தியம் வந்துட்டான்" என்று தெரு சிரிக்குமே என்ற பயத்தை எந்த ஊசி போக்கும்? அதற்கு ஒரு மனிதர் வேண்டும். வாரம் இரண்டு நாள் வீட்டிற்கு வருகிறவர். முதல் வாரம் திண்ணை வரை, பிறகு டீக்கடை வரை, பிறகு பஸ் ஏறி ஆஸ்பத்திரி வரை கூட வருகிறவர். தூக்கம் கெட ஆரம்பித்தால் நோய் திரும்புகிறது என்று முன்கூட்டியே கண்டு கொள்கிறவர். முதலாளியிடம் போய், முதலில் அரை ஷிப்டு கொடு என்று பேசக் கூடியவர். தாய்க்கும் ஒருநாள் ஓய்வு கொடுக்கிறவர்.

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமங்களைப் பார்க்கட்டும். சென்னையில் 1984-ல் தொடங்கப்பட்ட 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி ஸ்தாபனமும் மற்றவர்களும் சேர்ந்து 282 நோயாளிகளிடம் ஒரு சோதனை நடத்தினர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு அந்தச் சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஊழியர் வீடு தேடிச் சென்று 12 மாதம் துணை நின்றார். ஊழியர்கள் டாக்டர்களல்ல; டாக்டர்களின் மேற்பார்வையில் வேலை செய்தவர்கள். முடிவு 2014-ல் வெளிவந்தது. மாயவித்தை எதுவும் நடந்துவிடவில்லை, மிதமான பலன்தான். ஆனால் துணை பெற்றவர்களுக்கு இயலாமை குறைந்தது. அந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது காஞ்சிபுரத்துக் கிராமங்களில்தான்.

அந்த இயலாமையை அளந்த கோல் எது தெரியுமா? நமது சர்க்கார் ஊனச் சான்றிதழ் கொடுப்பதற்குப் பயன்படுத்தும் அதே 'ஐடியாஸ்' அளவுகோல்! தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கையும் பார்த்து மதிப்பெண் போடுவது அது. ஆக, சர்க்காரின் சொந்தக் கோலாலேயே நிரூபணமாகிவிட்டது.

இங்கே ஒரு கொடுமையையும் சொல்ல வேண்டும். 40 சதவிகிதம் இருந்தால்தான் சலுகை. ஒருவர் பாடுபட்டுத் தேறி, சதவிகிதம் 40-க்குக் கீழே இறங்கினால் சலுகைகளும் இறங்கிப் போகும். தேறுவதற்குத் தண்டனையா? வேலைக்குப் போய்ப் பார்க்கவே பயப்படும் குடும்பங்களை நாம் அறிவோம்.

ஆஸ்திரேலியாவில் இப்படிப்பட்ட துணைவருக்கு ஊனமுற்றோர் நிதியிலிருந்தே பணம் கொடுக்கிறார்கள். 2013-ல் அங்கே தேசிய ஊனமுற்றோர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. 2014-ல் மருத்துவ வரியை ஒன்றரை சதவிகிதத்திலிருந்து இரண்டாக உயர்த்தி அதற்கு நிதி சேர்த்தார்கள். 2020 ஜூலை முதல், தேறுவதற்கு வழிகாட்டும் ஊழியர் என்று ஒரு தனி இனத்தையே அதில் சேர்த்தார்கள். மனநோயை அனுபவித்து மீண்டவர்களே அந்த வேலையைச் செய்யலாம். நல்ல ஏற்பாடு. நாமும் கற்றுக் கொள்ளத்தக்கது.

ஆனால் அங்கும் ஒரு வாசற்படி உண்டு. இயலாமை நிரந்தரமானது, அல்லது நிரந்தரமாகக் கூடியது என்று காட்டினால்தான் உள்ளே போகலாம். தேறவே மாட்டேன் என்று நிரூபித்தவனுக்குத் தேறுவதற்குப் பணம்! உள்ளே போனவரின் பெயரில் பணம் ஒதுக்குகிறார்கள். சேவையைப் பெரும்பாலும் தனியார் கம்பெனிகளும் தர்ம ஸ்தாபனங்களும் மணிக்கணக்கில் விற்கின்றன. இந்தத் திட்டம் வருகிறதென்று, முன்பு சமூகத்தில் நடந்து வந்த சில துணைத் திட்டங்களை 2019-ல் மூடினார்கள். விளைவு என்ன? துணை தேவைப்பட்டும் திட்டத்திற்கு வெளியே நிற்பவர்கள் ஏறக்குறைய 5 லட்சம் பேர் என்று அங்குள்ள சர்க்கார்களே 2024-ல் கணக்கு வெளியிட்டன. மனிதத் துணையைச் சந்தைச் சரக்காக்கினால் நேருவது இதுதான். ஏற்பாட்டை எடுத்துக் கொள்வோம். கடையை அவர்களிடமே விட்டுவிடுவோம்.

நமது நாட்டில் வேறொரு ஆபத்து இருக்கிறது. புதிய வேலை எது வந்தாலும் ஆஷா ஊழியர் தலையில் கட்டு, 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவ'த்தின் மாதர் தலையில் கட்டு என்பதே அதிகாரிகளின் வழக்கம். அவர்கள் வீடு வீடாக நடக்கிறார்கள். கொடுப்பது சம்பளமல்ல, ஊக்கத் தொகை! மனநோயாளியின் துணைவர் வேலையையும் இந்த இலவசக் கணக்கில் சேர்க்க நாம் சம்மதிக்க முடியாது. ஒன்றியத்திற்குச் சிலரையாவது பயிற்சி கொடுத்து, நிரந்தர ஊழியராக, சம்பளத்தோடு நியமிக்க வேண்டும். நோயிலிருந்து மீண்டவர்களுக்கு அதில் முதலிடம் வேண்டும். சதவிகிதம் குறைந்ததும் உதவியைப் பறிக்காமல், வேலையில் ஊன்றி நிற்கும் வரை தொடர வேண்டும்.

பணம் எங்கே என்பார்கள். ஊனமுற்றோருக்கு மாநில நிதி ஒன்று அமைக்க வேண்டுமென்று 2016-ம் வருஷச் சட்டத்தின் 88-வது பிரிவு சொல்லுகிறது. தமிழ்நாட்டில் 'உரிமைகள்' திட்டத்திற்கு 2022-ல் உலக வங்கி 16.2 கோடி டாலர் கடன் ஒப்புக் கொண்டது. அந்தக் கடனைப் பற்றி நமக்கு வேறு அபிப்பிராயங்கள் உண்டு. வாங்கிய கடனில் மனநோயாளிக்கும் பங்கு உண்டா என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. மத்திய சர்க்காரோ 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் வரியைக் குறைத்து, வருஷத்திற்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானத்தை விட்டுக் கொடுப்பதாகத் தானே அறிவித்தது. அந்தக் கையால் 300 ரூபாயை உயர்த்த முடியாதா?

அந்தத் தாயாரின் வீட்டிற்குச் சங்கத் தோழர்கள் இருவர் ஞாயிறுதோறும் போய் வருகிறார்கள். முதல் நான்கு வாரம் பையன் முகம் கொடுக்கவில்லை. ஐந்தாவது வாரம் டீக்கடை வரை வந்து, ஒரு டீயும் குடித்துவிட்டுத் திரும்பினான். தோழர்களுக்குப் பயிற்சி கிடையாது. இன்னது பேசலாம், இன்னது கூடாது என்று சொல்லித் தருவாரும் இல்லை. ஷிப்டு மாறிய இரண்டு வாரங்கள் அவர்களால் போக முடியவில்லை. அந்த இரண்டு ஞாயிறும் அவன் சட்டை மாற்றிக் கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தானாம்.