மலைப் பேரை வச்சாங்க, எடுத்துட்டாங்க

பொதிகைன்னா உங்கள்ல பல பேருக்கு ஒரு டிவி சேனல். எங்களுக்கு மேக்கே தெரியுற மலை, தாமிரபரணி பிறக்குற இடம். 2024 ஜனவரியில அந்தப் பேரை எடுத்துட்டு டிடி தமிழ்னு மாத்திட்டாங்க. எனக்கு அதுல பெரிய வருத்தம் ஒண்ணும் கிடையாது. பேரு இருந்த காலத்துலயே அந்தச் சேனல் இந்த மலைக்குக் கீழ இருக்கிறவனைப் பத்தி எவ்வளவு பேசுச்சு?

பழைய 'வயலும் வாழ்வும்' ஞாபகம் இருக்கா? ஒளியும் ஒலியும் பாக்கக் காத்துக் கிடந்த வீடுகள்ல அதைக் கேலி பண்ணாத ஆளு கிடையாது. சலிப்பான நிகழ்ச்சிதான், மறுக்கல. ஆனா ஒரு சம்சாரி வரப்புல நின்னு தன் பேச்சுல பேசுவாரு. பக்கத்துல வேளாண்மை அதிகாரி ஏக்கருக்கு எத்தனை கிலோ விதைன்னு சொல்லுவாரு. இன்னைக்கு சீரியல்ல வர்ற கிராமத்துல பண்ணையார் இருக்காரு, கொடை இருக்கு, நெல்லைக்காரன்னா கையில அருவா, வாயில 'ஏலே'. வரப்புல நடக்காங்க, ஒருத்தரும் நாத்து நடல.

எங்களுக்கு வேண்டிய சேதி ரொம்பச் சின்னது. பாபநாசம் அணை மொத்தம் 143 அடி, மணிமுத்தாறு 118. இன்னைக்கு எத்தனை அடி நிக்கு, காருக்குத் தண்ணி திறப்பாங்களா, கன்னடியன் கால்வாய்க் கடைமடைக்கு எப்ப வந்து சேரும்? அதை வச்சுத்தான் நாத்து பாவணும். இதுக்குச் சென்னை ஸ்டுடியோவுல நேரம் கிடையாது. ஆத்துல வெள்ளம் பாலத்தைத் தொட்டாத்தான் நாங்க செய்தி.

2023 டிசம்பர் 17, 18ஐ எடுத்துக்கோங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. இங்க கரண்டு இல்ல, செல்போன் கிடைக்கல. அன்னைக்கு டிவி பாத்தது நாங்க இல்ல, சென்னையிலயும் பெங்களூர்லயும் இருந்த நீங்க. ஸ்ரீவைகுண்டத்துல நின்ன ரயிலைக் காட்டுனாங்க, காட்ட வேண்டியதுதான். அதைச் சுத்தி இருக்கிற எத்தனை ஊரு பேரு உங்க காதுல விழுந்துச்சு? உங்க அம்மா இருக்கிற தெருவுல தண்ணி எவ்வளவுன்னு யாராவது சொன்னாங்களா?

யூடியூப்ல எல்லாம் இருக்கேம்பீங்க. இருக்கு, ஒரு ஏக்கர்ல லட்சம் சம்பாதிச்ச கதை தினம் ஒண்ணு வருது. மருதூர் அணைக்கட்டுல இன்னைக்கு ஷட்டர் திறந்தாச்சான்னு அந்தத் தம்பிகளுக்குத் தெரியாது. சொல்லுறதும் அவங்க வேலை இல்ல.

டிடி தமிழ் மக்கள் வரிப்பணத்துல ஓடுது. அரசு கேபிளுக்கு எங்க வீடுகள்ல பெட்டியே இருக்கு. சாயங்காலம் அரை மணி நேரம் நெல்லையில இருந்தே எடுத்துப் போடட்டும்: அணை நிலவரம், நெல்லு வாழை விலை, எந்தக் குளத்துக் கரை பலவீனமா இருக்கு. செட்டு வேண்டாம், நடிகர் வேண்டாம். வாசிக்கிற பிள்ளைக்கு நதியுண்ணி, கோடைமேலழகியான்னு கால்வாய்ப் பேரு தடுமாறாம வந்தாப் போதும்.