கிளாம்புக்கும் ஓர் இருப்பிடம் வேண்டும்



சென்ற இதழில் உளியைத் தீட்டும் முறையைப் பற்றிப் பேசினோம். வீட்டிலேயே சிறு தச்சு வேலை செய்து பழகுவோருக்கு இம்மாதம் நான் சொல்ல விரும்புவது கருவியைப் பற்றியன்று; கருவியை வைக்கும் இடத்தைப் பற்றி. குறிப்பாக, பசை காயும்வரை மரத்துண்டுகளை இறுக்கிப் பிடித்திருக்கும் கிளாம்புகளை எங்கே, எவ்வாறு, பார்வைக்கும் அழகாக வைப்பது என்பதைப் பற்றி. ‘இதுவும் ஒரு விஷயமா?’ என்று நீங்கள் கேட்கக்கூடும். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன், ஒரு நல்ல பலா மரத்தின் பலகைகளைப் பாழாக்கும் வரையில்.

சாய்ந்த மரமும் பிரிந்த மேசையும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயல் நமது புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு வட்டாரங்களில் தென்னையும் மாவும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. என் தாயாருடைய பிறந்தகத் தோட்டத்தில் பாட்டனார் வைத்து வளர்த்த பலா மரமும் அவற்றுள் ஒன்று. அதை விறகுக்குக் கொடுக்க எவருக்கும் மனம் வரவில்லை. அடிமரத்தை மர அறுவை மில்லுக்குக் கொண்டுபோய் ஓர் அங்குலக் கனப் பலகைகளாக அறுத்து வந்தேன். பலகைகளுக்கு இடையிடையே குச்சிகள் கொடுத்து அடுக்கி, காற்றோட்டமான நிழலில் ஓராண்டுக்கு மேல் உலரவிட்டேன். அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது தச்சர்களின் பழைய கணக்கு.

2020ஆம் ஆண்டு ஊரடங்கில் மதரஸா மூடியிருந்தது. கையில் நேரம் இருந்தது. மகளுக்கு ஒரு படிப்பு மேசை செய்வோம் என்று தொடங்கினேன். நான்கு பலகைகளின் விளிம்புகளை இழைத்து, ஒளி தெரியாதபடி பொருத்தி, பசையும் தடவியாயிற்று. கிளாம்புகளோ ஒரு கோணிச் சாக்கிற்குள் கிடந்தன! ஒன்றை இழுத்தால் மூன்று சிக்கிக்கொண்டு வந்தன. ஒன்றின் திருகு துருவேறிச் சுழல மறுத்தது. மே மாத வெயிலில் பசை பத்து நிமிடங்கூடக் காத்திருக்கவில்லை. பாலின் மேல் ஆடை படர்வதைப்போல் அதன் மேல் படலம் கட்டிவிட்டது. கடைசி இரண்டு கிளாம்புகளை நான் இறுக்கியபோது இணைப்பிலிருந்து பசை ஒரு துளிகூடப் பிதுங்கி வரவில்லை. பிதுங்காத பசை பிடிக்காத பசை என்பதை அன்று நான் அறியேன்.

அடுத்த கோடையில் மேசையின் நடு இணைப்பு பிரிந்தது. ஒரு நாணயம் நுழையும் அளவுக்கு இடைவெளி. மகள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. காகிதத்தை நான்காக மடித்து அந்த இடைவெளியில் செருகிவிட்டு, அதன்மேல் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். அந்தக் காகித மடிப்பைக் கண்டபோது எனக்கு உண்டான வெட்கத்தை இங்கே எழுதிக் காட்ட இயலாது.

எங்கள் தெருவுக்கு அருகில் வாழும் முதிய ஆசாரி ஒருவரை அழைத்து வந்து காட்டினேன். அவர் இணைப்பை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மூலையில் கிடந்த சாக்கைப் பார்த்தார். “பாய், பசை மட்டும் ஒட்டாது, பிடிமானம்தான் ஒட்டும். பிடிக்கிற சாமானைச் சாக்குல கட்டிப்போட்டுட்டு மரத்தைக் குறை சொல்லாதீங்க” என்றார்.

பழைய கைமுறை

நம் முன்னோர்களின் தச்சில் இத்தனை கிளாம்புகள் இருந்ததில்லை. திருமயம் வட்டாரத்தின் இராயவரம், அரிமளம், கடியாபட்டி போன்ற ஊர்களிலுள்ள செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குக் கதவுகளை உற்றுப் பாருங்கள். துளையும் கழுந்துமாகக் கோத்து, மரமுளை அடித்து நிறுத்திய வேலைப்பாடு அது. பலகைகளை நெருக்கிப் பிடிக்க வேண்டிய இடத்தில் ஆப்பு அடிப்பார்கள். அல்லது கயிற்றைச் சுற்றிக் கட்டி, இடையில் ஒரு கோலைச் செருகி முறுக்குவார்கள். விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரம்தான் அன்றைய பசை. அதைச் சூடாகத் தடவி, ஆறுமுன் வேலையை முடித்தாக வேண்டும்.

1959இல் ஃபெவிகால் வந்த பின்னர் வெள்ளைப் பசை நாடெங்கும் பரவிற்று. காய்ச்ச வேண்டியதில்லை, நாற்றமில்லை. ஆனால் அது காயும்வரை பலகைகள் அசையாமல் நெருங்கி நிற்க வேண்டும். எனவே பசை எளிதாக எளிதாக, கிளாம்புகளின் தேவை பெருகிற்று. பத்துப் பன்னிரண்டு கிளாம்புகள் இல்லாமல் இன்று ஒரு மேசைப் பலகையை ஒட்ட முடியாது. அத்தனையும் இரும்பு, அத்தனையும் கோணல் மாணலான வடிவம். பெட்டியிலும் அடங்கா, அலமாரியிலும் அடங்கா. ஆகவேதான் சாக்கில் போய் விழுகின்றன.

முதற்கணக்கு எடை

இனி செய்முறைக்கு வருவோம். மரத்தில் கோடு போடுமுன் உங்கள் கிளாம்புகள் அனைத்தையும் நிறுத்துப் பாருங்கள். என்னிடம் இருந்தவை பதினான்கு: மூன்றடி நீள டி-பார் கிளாம்பு நான்கு, இரண்டடி எஃப் கிளாம்பு நான்கு, நான்கங்குல ஜி கிளாம்பு ஆறு. எல்லாம் சேர்ந்து 27 கிலோ. ஓர் அரிசிச் சிப்பத்தைவிட அதிகம்! இதை இரண்டு ஆணிகளை நம்பிச் சுவரில் மாட்டலாமா? கீழே குழந்தை நடமாடும் வீட்டில் அது பெருந்தவறு.

சுவரில் மாட்டும் பலகைக்கு நான் கடைப்பிடித்த முறை இது. மூன்றங்குல அகலமுள்ள ஒரு சட்டத்தை நீளவாக்கில் 45 பாகைச் சாய்வாக இரண்டாக அறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாதியை, சாய்வு மேல்நோக்கியும் கூர் விளிம்பு சுவரை விட்டு விலகியும் இருக்குமாறு சுவரில் திருகுங்கள். அப்போது சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பள்ளம் உண்டாகும். மறுபாதியைப் பலகையின் முதுகில் தலைகீழாகப் பொருத்திவிட்டால், அது அந்தப் பள்ளத்தில் இறங்கி அமர்ந்துகொள்ளும். எடை கூடக் கூட, பலகை சுவரோடு ஒட்டி நிற்கும். இடம் மாற்ற வேண்டுமானால், கிளாம்புகளை எடுத்துவிட்டுப் பலகையை மேலே தூக்கினால் போதும்.

சுவரில் துளையிடும்போது செங்கல்லின் நடுவில் துளையிடுங்கள். கற்களுக்கு இடையிலுள்ள சாந்தில் இடாதீர்கள். சுண்ணாம்புச் சாந்தோ மண் சாந்தோ உதிரும் பழைய வீடாயின், சுவரை நம்பவே வேண்டாம். தரையில் நிற்கும் இரண்டு தூண் சட்டங்களை நிறுத்தி, அவற்றில் பலகையைப் பொருத்துங்கள். எடை தரைக்குப் போய்விடும். சுவர் சாயாமல் பிடித்திருந்தால் மட்டும் போதும்.

எது எங்கே?

கனமானது கீழே, இலேசானது மேலே. டி-பார் கிளாம்புகள் தரையில் ஒரு மரத்தொட்டியில் நிமிர்ந்து நிற்கட்டும். சாய்ந்து விழாதிருக்க இடுப்புயரத்தில் குறுக்குச் சட்டம் ஒன்று கொடுத்து, அதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளவு வெட்டிவிடுங்கள்.

எஃப் கிளாம்புகளுக்குத் தோளுயரத்தில் ஐந்தங்குல அகலத் தட்டு. அதன் முன்விளிம்பிலிருந்து உள்நோக்கி மூன்றங்குல ஆழத்துக்குப் பிளவுகள் வெட்ட வேண்டும். பிளவின் அகலம் கிளாம்பின் தண்டுக் கனத்தைவிட மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். தண்டு பிளவுக்குள் போகும். தலை தட்டின்மேல் உட்காரும். இரு பிளவுகளுக்கு இடையே எவ்வளவு தூரம்? கைப்பிடிகள் ஒன்றோடொன்று மோதாமலும், உங்கள் விரல்கள் நுழையும்படியும் இருக்க வேண்டும். முதலில் அட்டையில் வெட்டிப் பாருங்கள். பிறகு மரத்தில் வெட்டுங்கள். தட்டைச் சுவர்ப்பக்கம் சற்றே சரிவாக வைத்தால் கிளாம்பு தானாக முன்னே நழுவி விழாது. தட்டின் அடியில் அடிக்கொரு முக்கோண முட்டும் கொடுத்துவிடுங்கள்.

ஜி கிளாம்புகளுக்குப் பிளவு தேவையில்லை. பலகையிலிருந்து இரண்டங்குலம் விலகி நிற்கும் ஓர் உருட்டுச் சட்டம் போதும். கிளாம்பின் வாயை அதில் கவ்வவைத்து, திருகை அரைச் சுற்று இறுக்கிவிட்டால் அசையாது.

துருவைப் பற்றியும் ஒரு சொல். கோட்டைப்பட்டினம், மீமிசல் போன்ற கடற்கரை ஊர்களில் வாழ்வோர் உப்புக் காற்றின் குணத்தை அறிவார்கள். மாதம் ஒருமுறை திருகில் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டுத் துடையுங்கள். தண்டில் மெழுகு தேய்த்து வைத்தால் சிந்திய பசை ஒட்டாமல் உதிர்ந்துவிடும்.

அழகு எதற்கு?

‘எல்லாம் சரி, இரும்புச் சாமான் வைக்கும் பலகைக்கு அழகு எதற்கு?’ என்று என் இல்லத்தரசி கேட்டார். நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பியானோ செய்யும் தொழிற்சாலையில் பணியாற்றிய ஹென்றி ஸ்டட்லி என்ற கைவினைஞர், தம் கருவிகளுக்காக ஒரு சுவர்ப்பெட்டி செய்தார். 1925இல் அவர் மறைந்தார். சுமார் 300 கருவிகள் அந்த ஒரு பெட்டிக்குள் அடங்குகின்றன. மஹோகனி, ஈட்டி, கருங்காலி ஆகிய மரங்களும் முத்துச்சிப்பியும் இழைத்த வேலைப்பாடு. அதன் சிறப்பு அலங்காரத்தில் மட்டும் இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்துக்கேற்ற இருக்கை உண்டு; ஒன்று குறைந்தாலும் அந்த வெற்றிடம் கண்ணை உறுத்தும்.

அதுதான் அழகின் பயன். அவலட்சணமான மூலையில் பொருளை எறிந்துவிட்டுப் போக நமக்குத் தயக்கமில்லை. அழகான இடம் பொருளைத் திரும்பக் கேட்கிறது. நாள் முழுதும் உழைத்துக் களைத்த கை, கடைசியாக அந்தக் கிளாம்பை அதன் இடத்தில் கொண்டுபோய் வைப்பது அந்த அழகுக்காகத்தான்.

என் பலகைக்கு வேறு மரம் தேடவில்லை. பிரிந்த அந்த மேசைப் பலகையையே இணைப்புகளில் அறுத்து, விளிம்புகளை மீண்டும் இழைத்து, மறுபடியும் ஒட்டினேன். இம்முறை கிளாம்புகளை வரிசையாகத் தரையில் பரப்பிவைத்து, பசையில்லாமல் ஒருமுறை இறுக்கிப் பார்த்த பின்னரே பசையைத் தொட்டேன். பலாவின் வைரம் புதிதில் மஞ்சளாக இருக்கும். வெளிச்சம் பட்டுப் பட்டுப் பொன்பழுப்பாக மாறும். வெளிறிய ஓரப்பகுதியைப் பூச்சி தின்னும் என்பதால் அதை நீக்கிவிட்டேன். இருமுறை ஆளிவிதை எண்ணெய் பூசியதும் வரிகள் தெளிந்து வந்தன. ஓர் எச்சரிக்கை: அந்த எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து வெயிலில் உலர்த்திய பிறகே குப்பையில் இடுங்கள்.

மீதமிருந்த பலகைகளில் மகளுக்குப் புதிய மேசை செய்தேன். நான் பசை தடவ, அவள் சுவரிலிருந்து ஒவ்வொரு கிளாம்பாக எடுத்து நீட்டினாள். ஏழு நிமிடங்களில் எல்லாம் இறுகிவிட்டன. இணைப்பின் நெடுகிலும் பசை சிறு மணிகளாகப் பிதுங்கி நின்றது. சில கோடைகள் கடந்துவிட்டன; மேசை பிரியவில்லை. வேலை முடிந்ததும் கிளாம்புகளைத் திரும்ப மாட்டுவது இப்போது அவளுடைய பொறுப்பு. ஒன்று இடம் மாறினாலும், “அத்தா, இது இங்க இல்லையே” என்று என்னைத்தான் கேட்கிறாள்.

சகோதரர்களே! புதிய கிளாம்பு வாங்கக் கடைக்குப் போகுமுன், இருப்பவற்றைச் சாக்கிலிருந்து வெளியே எடுங்கள். துருவைத் துடையுங்கள். நிறுத்துப் பாருங்கள். வீட்டில் கிடக்கும் ஒரு நல்ல பலகையைத் தேடி எடுங்கள். இரண்டு விடுமுறை நாட்கள் போதும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் இழைப்புளியின் அலகைச் சீர்செய்வது பற்றிக் காண்போம்.